இரண்டு கொட்டேஷன், இரண்டு வேறு அறுவைகள்

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

“எனக்கு 39 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு எட்டு வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 84 கிலோ வரை போய்விட்டேன். நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் இப்போது 61 கிலோ. ஒரு வருடமாக அதிலேயே நிற்கிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் மார்பு மட்டும் காலியான பை மாதிரி தொங்கிவிட்டது. காம்பு தரையைப் பார்க்கிறது. ஜாக்கெட் தைக்கிற அக்கா ‘டாட்டை இன்னும் எவ்வளவுதான் இறக்குறது’ என்று சிரித்தார். கோவையில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். காம்பைச் சுற்றி மட்டும் வெட்டினால் போதும், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்துவிடலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம், 85,000 ரூபாய் என்றார்கள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிகான் பை) வைத்துத்தான் தூக்க வேண்டும், 2,60,000 என்றார்கள். போனில் வரும் விளம்பரம் ஒன்று கத்தியே வேண்டாம், லேசரில் 40,000-க்கு முடியும் என்கிறது. யாரை நம்புவது? சீட்டு எடுத்து வைத்திருக்கும் பணம் ஒன்றரை லட்சம். இன்சூரன்ஸ் வருமா? தாய்ப்பால் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று அம்மா சொல்கிறார். என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இந்த அறுவையால் எனக்கும் வருமா? கணவர் வீண் செலவு என்கிறார். இதைக் கேட்பதே தப்போ என்று இருக்கிறது.”

அன்புள்ள வாசகிக்கு,

கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. பிளாஸ்டிக் அறுவை மருத்துவரான என்னிடம் இதைக் கேட்டு வரும் பெண்களில் பாதிப்பேர் உங்களைப் போலத்தான் முதல் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசுவார்கள். பல் வரிசையைச் சரிசெய்யக் கம்பி கட்ட வருபவர் யாரும் பல் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே பொருளுக்கு இரண்டு கடைக்காரர்கள் இரண்டு விலை சொல்வதாக நினைத்துக் குழம்புகிறீர்கள். 85,000 என்பது ஓர் அறுவைக்கு, 2,60,000 என்பது இன்னொரு அறுவைக்கு. சுங்குடிச் சேலையின் விலையைக் காட்டிப் பட்டுச்சேலையைப் பேரம் பேச முடியாது. அது மட்டுமில்லை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று சொல்கிறேன்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பிரா இல்லாமல் கண்ணாடி முன் நிமிர்ந்து நில்லுங்கள். பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றை எடுத்து மார்புக்கு அடியில், மார்பும் வயிற்றுப் பக்கத் தோலும் சேரும் மடிப்பில் குறுக்காக வையுங்கள். காம்பு ஸ்கேலுக்கு நேராக இருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா, இல்லை மார்பின் ஆகக் கீழான இடமே காம்புதானா என்று பாருங்கள். நேராக இருந்தால் முதல் நிலைத் தொய்வு. மடிப்புக்குக் கீழே இறங்கியும் காம்பு முன்னோக்கிப் பார்த்தால் இரண்டாம் நிலை. ஆகக் கீழே போய்த் தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. இந்தக் கணக்கை 1976-ல் கனடாவைச் சேர்ந்த பால் ரெனோ என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் நாங்கள் இதையே பேசுகிறோம். உங்கள் ஜாக்கெட் தைக்கும் அக்கா தோளிலிருந்து டாட் வரை டேப் வைக்கிறார் இல்லையா? நாங்கள் கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை வைக்கிறோம். ஏறக்குறைய 19 முதல் 21 சென்டிமீட்டர் இருந்தால் மேலே இருக்கிறது என்று அர்த்தம். எடை குறைத்துவிட்டு வருபவர்களிடம் 28, 30 என்று பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல.

“தரையைப் பார்க்கிறது” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 23 கிலோ குறைத்திருக்கிறீர்கள். உள்ளே இருந்த கொழுப்பு போய்விட்டது, அதைச் சுற்றி விரிந்த தோல் அப்படியே நிற்கிறது. மார்பை உள்ளிருந்து தாங்கும் மெல்லிய நார்கள் ஒருமுறை இழுபட்டால் பழையபடி சுருங்காது. பழைய பாவாடையின் எலாஸ்டிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நேராக்க வேண்டுமானால் அதிகத் தோலை வெட்டி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் சதையை மேலே ஏற்றிக் கூம்பாகத் தைக்க வேண்டும், காம்பை அதன் இரத்த ஓட்டம் அறுபடாமல் புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். மார்பகத் தூக்கல் அறுவை என்பது இவ்வளவுதான். எங்கே, எவ்வளவு வெட்டுகிறோம் என்பதில்தான் விலையும் தழும்பும் மாறுகின்றன.

முதல் வழி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும் வளையமாகத் தோலை எடுத்துச் சுருக்கித் தைப்பது. வடை நடுவில் ஓட்டை போடுவது போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். தழும்பு வட்டத்தின் ஓரத்திலேயே மறைந்துவிடும், வேலையும் சுருக்கமாக முடியும். முதல் நிலைத் தொய்வுக்கும், காம்பை இரண்டு சென்டிமீட்டருக்குள் ஏற்றினால் போதும் என்பவர்களுக்கும் இது நல்ல அறுவை. கோவையில் உங்களுக்குச் சொன்னது இதுதான். காலியான பையாக இறங்கிய மார்புக்கு இதைச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? அவ்வளவு தோலையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் இழுத்துச் சுருக்கியாக வேண்டும். சுருக்குப்பையின் வாய் மாதிரி மடிப்பு விழும், மார்பின் முன்பக்கம் தட்டையாகும், நாளாக ஆகக் கருவட்டம் இழுபட்டு அகலமாகும். இப்படி வேறிடத்தில் செய்துகொண்டு, இரண்டே வருடத்தில் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நான் மறுபடி அறுவை செய்திருக்கிறேன். முதல் தடவை மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மடங்கு இரண்டாவது தடவை செலவானது. தழும்பு வேண்டாம் என்று போனவருக்கு முடிவில் எல்லாத் தழும்பும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது வழி, வட்டத்தைச் சுற்றியும், வட்டத்திலிருந்து நேராகக் கீழே மடிப்பு வரைக்கும். குச்சிமிட்டாய் வடிவத் தழும்பு. நடுத்தரத் தொய்வுக்கு இதுவே பெரும்பாலும் போதும், வடிவமும் நன்றாக நிற்கும். மூன்றாவது வழியில் இதோடு மடிப்பு நெடுகிலும் ஒரு வெட்டு சேரும். கப்பலின் நங்கூரம் போல இருக்கும். தோல் மிக அதிகமாக இருந்தால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. எடை குறைத்த பெண்களில் நிறையப் பேருக்கு இதுதான் வேண்டியிருக்கிறது, உங்களுக்கும் இரண்டாவதோ மூன்றாவதோதான் என்பது என் ஊகம். இரண்டுக்கும் முழு மயக்கம் வேண்டும். தியேட்டரில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி மருத்துவமனையில் தங்குவது நல்லது. நாமக்கல்லிலிருந்து வரும் உங்களை அன்றே காரில் ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வராது.

அப்படியென்றால் சென்னையில் சொன்ன இம்ப்ளான்ட்? அதற்கும் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அளவு சரியான, நல்ல பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். அந்தப் பருமன் உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் உள்ளே இருக்கும் சதை போதுமானது, அதைச் சரியான இடத்துக்கு ஏற்றினால் வேலை முடிந்தது. பிரா போட்டும் மேல்பக்கம் குழிந்து, கப் தளர்ந்து, ‘இது ரொம்பச் சின்னதாகிவிட்டது’ என்று தோன்றினால்தான் இம்ப்ளான்ட் பேச்சு. நிறையப் பேர் இம்ப்ளான்ட் வைத்தால் அதுவே தூக்கிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். இலேசான தொய்வில் ஓரளவு அப்படித் தெரியும். உங்களுடையது போன்றதில் இளகிய தோலுக்குள் கனமான ஒன்றைத் தொங்கவிட்டால் அது தோலையும் இழுத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கும்.

இம்ப்ளான்ட் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் நிற்கும் பொருளும் அல்ல. சுற்றி இறுகலாம், கிழியலாம். பத்து, பதினைந்து வருடம் கழித்து மாற்றும் செலவு வரலாம். அப்போது உங்களுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது, பெரியவனின் கல்யாணச் செலவு நடக்கிற நேரம். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள ஒரு வகை இம்ப்ளான்டுக்கும் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுக்கும் தொடர்பு தெரிந்து, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அந்த வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் எல்லா இம்ப்ளான்டும் ஆபத்து என்று சொல்லவில்லை. நானே வைக்கிறேன். வைத்தால் எந்தக் கம்பெனி, எந்த வகை, என்ன சீரியல் எண் என்று அட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறேன். வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பை உறிஞ்சி மார்பின் மேல்பக்கம் நிரப்புவதும் ஒரு வழி. போட்டதில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்பதால் மறுபடி நிரப்ப வேண்டிவரலாம். மேல்பக்கக் குழிவு மட்டும்தான் குறை என்றால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

இப்போது பணம். கோவை, திருச்சி, மதுரை, சென்னை என்று நான் பார்த்தவரையில், இம்ப்ளான்ட் இல்லாமல் முழு மயக்கத்தில் ஒழுங்காகச் செய்யும் தூக்கல் அறுவைக்கு எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் ஆகிறது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை என்றால் அறை வாடகையும் தியேட்டர் கட்டணமும் அதற்கு மேலே கொண்டுபோகும். இம்ப்ளான்ட் என்றால் அந்த ஜோடிக்கு மட்டும் அரை லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல்வரை தனியாகச் சேரும். உங்களுடைய 2,60,000-ல் பெரிய துண்டு அதுதான். ஆக, உங்கள் ஒன்றரை லட்சம் உங்களுக்குத் தேவைப்படக்கூடிய அறுவைக்குக் கிட்டத்தட்ட எட்டுகிற பணம்தான். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் யாராவது “எங்கள் ஊரில் இதற்கு ஐந்து லட்சம்” என்றால் நம்புங்கள். அமெரிக்காவில் 2022-ல் சராசரி 6,816 டாலர் என்று அங்கிருக்கும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கம் கணக்குச் சொல்கிறது. அதுவும் மருத்துவர் கட்டணம் மட்டும், மயக்க மருந்தும் தியேட்டரும் தனி.

விசாரிக்கும்போது “எவ்வளவு ஆகும்” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ரிசப்ஷனில் இருக்கும் பெண் கவர்ச்சியான எண்ணைத்தான் சொல்வார். பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து மருத்துவர் கட்டணம், தியேட்டர், அறை, மருந்து, இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே, வெட்டி எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பும் செலவு, அறுவைக்குப் பின் போடும் இறுக்கமான பிரா, தையல் பார்க்க வரும் நாட்களின் கட்டணம் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் அறுவைக்கு அந்த விலக்கு கிடையாது. கடைசி நாள் பில்லில் இது மட்டும் தனியாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விகள் இரண்டு. அன்று ராத்திரி இரத்தக்கசிவு ஏற்பட்டு மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தச் செலவு யாருடையது? ஒரு வருடம் கழித்து ஒருபக்கம் ஏற்ற இறக்கமாக இருந்தால், தழும்பு சரியில்லை என்றால், திருத்தித் தர எவ்வளவு வாங்குவீர்கள்? இந்த இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். “இந்த மாதம் மட்டும் தள்ளுபடி”, “இன்றே முன்பணம் கட்டினால்” என்றெல்லாம் பேச்சு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மருத்துவர் பொது அறுவையில் எம்.எஸ். முடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழ்கள் வேறு. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் பெயரைத் தேடிப் பார்ப்பது அவமரியாதை ஆகாது. அவரே செய்த, உங்களைப் போன்ற உடல்வாகுள்ள பெண்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், அறுவை முடிந்து ஒரு வருடம் ஆன படங்களாக. ஒரு மாதப் படத்தில் எல்லாருடைய மார்பும் அழகாகத்தான் இருக்கும்.

இன்சூரன்ஸ் வராது. இந்தியாவின் ஹெல்த் பாலிசிகளில் விலக்குகளை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே வாசகமாக வகுத்திருக்கிறது, அதில் 08 என்ற எண்ணில் அழகு அறுவை இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு சீரமைப்பதும், உடலுக்கு நேரடி ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்றளிப்பதும்தான் விதிவிலக்கு. மார்பு மிகக் கனமாகிக் கழுத்து வலி, தோளில் பட்டை பதிந்த பள்ளம், அடிமடிப்பில் ஓயாத வேர்வைப் புண் என்று அவதிப்படுபவர்களுக்குச் செய்யும் குறைப்பு அறுவைக்குச் சிலர் எழுதிப் போராடிப் பார்க்கிறார்கள். உங்களுடையது எடை குறைந்த மார்பு, அந்த வாதம் எடுபடாது. டாக்டரிடம் எதையாவது எழுதி வாங்கி க்ளெய்ம் போட்டுத் தருகிறோம் என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால் மறுத்துவிடுங்கள், நாளைக்கு உண்மையான நோய்க்குக் கேட்கும்போது அது உங்களுக்கே வினையாகும்.

பணம் அறவே இல்லாதவர்களுக்கும் ஒரு கதவு உண்டு என்பதை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அழகு அறுவைக்கும் சீரமைப்புக்கும் இலவசமாகத் தனி கிளினிக் தொடங்கினார்கள். அரசுப் பணத்தில் இதெல்லாம் தேவையா என்று அப்போது பேச்சு கிளம்பியது. வசதியில்லாதவள் வட்டிக்கு வாங்கி எங்கேயோ போய் ஏமாறுவதைவிட இது மேல் என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் அறுவைத் துறைகளில் தீக்காயமும் புற்றுநோயும் முந்திக்கொள்ளும், காத்திருக்க வேண்டிவரும். கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன், எங்களில் பலர் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

லேசர் விளம்பரத்துக்கு ஒரு பத்தி போதும். தோலின் மேல் சூடு காட்டினால் கொஞ்சம் இறுகும், அதுவும் தற்காலிகமாக. காம்பு ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. நூல் போட்டுத் தூக்குவதும் உங்கள் நிலைக்கு உதவாது. எண்ணெய், கிரீம், உறிஞ்சும் பம்ப் எல்லாம் வீண். தண்டால் எடுத்தால் மார்புக்குப் பின்னால் இருக்கும் தசை வலுவாகும், அது நல்லதுதான், ஆனால் முன்னால் தொங்கும் தோலை அது இழுக்காது. 40,000-ஐ வைத்துச் சரியான அளவில் நான்கு நல்ல பிரா வாங்கினால் மீதிப் பணத்தில் குடும்பத்தோடு ஊட்டி போய்வரலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் ஊரில் கடைக்காரர் கண்ணால் பார்த்துக் கொடுக்கும் அளவையே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறோம், எடை குறைந்த பிறகும் பழைய அளவே. சரியான பிராவைப் போட்டுப் பார்த்துவிட்டு “இதுவே போதும் டாக்டர்” என்று திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். அறுவை செய்யாமலிருப்பதும் ஒரு வழி, அதற்குத் தழும்பு கிடையாது.

தழும்பைத்தான் நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். காது குத்திய இடத்தில் எப்போதாவது மேடு தட்டி வளர்ந்ததா? அம்மாவுக்கோ அக்காவுக்கோ? பிரசவம் சிசேரியன் என்றால் அந்தத் தழும்பு இப்போது எப்படி இருக்கிறது, கோடாகப் படுத்துவிட்டதா, கயிறு மாதிரி புடைத்து அரிக்கிறதா? நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடிப்பதும் கறுப்பதும் கூடுதல். பிரா போட்டால் எதுவும் தெரியாது என்பது உண்மை, ஆனால் நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். முதல் நான்கைந்து மாதம் சிவந்து, தடித்து, ‘எதற்குச் செய்தோம்’ என்று அழ வைக்கும். அடங்கி மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். சிலிகான் ஜெல், சிலிகான் ஒட்டுத்தாள் மாதக்கணக்கில் போட வேண்டும், அதுவும் செலவுக் கணக்கில் சேர்த்தி. வடிவத்தை வாங்கிக்கொண்டு தழும்பைக் கொடுக்கிறோம், இந்த மாற்றுக்கு மனசு ஒப்புகிறதா என்பதை உங்கள் உடம்பில் இருக்கும் பழைய தழும்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யச் சொல்வேன்.

மற்ற சிக்கல்களையும் மறைக்க வேண்டாம். காம்பில் உணர்ச்சி குறையலாம், பலருக்கு மாதங்களில் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. நங்கூரத் தையலில் மூன்று கோடுகளும் சேரும் முனை சிலருக்குப் பிரிந்து ஆற வாரக்கணக்காகும். இரண்டு மார்பும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்காது, அக்கா தங்கை மாதிரி இருக்கும். மிக அரிதாகக் காம்புக்கு இரத்த ஓட்டம் நின்று அது கறுத்து உதிர்வதும் உண்டு. புகையிலைப் பழக்கம் இருப்பவர்களிடம் இது கூடுதல், வெற்றிலையோடு போடும் புகையிலையும் கணக்கில் சேரும், நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். சர்க்கரை இருந்தால் முதலில் அது கட்டுக்குள் வர வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளியாவது இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பம் எல்லாவற்றையும் மறுபடி விரித்துவிடும், பால் சுரப்பும் குறையலாம். மீண்டும் தொங்குமா என்றால், வயதோடு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பழைய நிலைக்குத் தள்ளுவது எடை ஏறி இறங்குவதுதான். ஒரு வருடமாக 61-ல் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த வரி.

அம்மாவிடம் தாய்ப்பால் குற்றவாளி இல்லை என்று சொல்லுங்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 93 பெண்களைப் பார்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வயது, உடல் எடை, எத்தனை கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன்பே மார்பு பெரிதாக இருந்ததா, புகைப்பழக்கம் இவைதான் தொய்வோடு சேர்ந்து நின்றன. பால் கொடுத்தது தனிக் காரணமாகத் தெரியவில்லை. கர்ப்பத்தின் பழியைப் பால் சுமந்துகொண்டிருக்கிறது. உங்கள் தங்கைகளோ மகளோ இதைக் கேட்டுவிட்டுப் பால் கொடுக்கத் தயங்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சித்தி விஷயத்தில் பயப்பட வேண்டாம், கவனமாக இருங்கள். தூக்கல் அறுவையால் புற்றுநோய் வராது. அவர் அம்மாவின் தங்கையா, எந்த வயதில் வந்தது, வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அறுவைக்கு முன் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் கட்டாயம். இதைக் கேட்காமல் தேதி குறிக்கும் இடத்தில் அறுவை வேண்டாம். வெட்டி எடுக்கும் சதை பயாப்சிக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பிறகும் மேமோகிராம் எடுக்கலாம், உள்ளே தையல் பட்ட இடம் வேறுமாதிரித் தெரியும் என்பதால் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று. இரண்டு வாரமாவது விடுப்பு வேண்டும். அதன் பிறகும் கொஞ்ச நாள் போர்டின் மேல்பாதியில் எழுதக் கையைத் தூக்க முடியாது. ஸ்கூட்டர் மூன்று, நான்கு வாரம் கழித்து. தண்ணீர்க் குடம், மாவு கிரைண்டர், கேஸ் சிலிண்டர் ஆறு வாரத்துக்கு உங்கள் கண்ணிலேயே படக் கூடாது. பள்ளி முழு ஆண்டு விடுமுறை தோதாக இருக்கும், ஆனால் மே மாத வெயிலில் இராப்பகலாக இறுக்கமான பிராவோடு கிடப்பது வேதனை. மின்விசிறி போதாத வீடென்றால் காலாண்டு விடுமுறையோடு ஒரு வாரம் லீவு சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுவேலைக்கு ஆள், கோவைக்கோ சென்னைக்கோ மூன்று நான்கு தடவை போய்வரும் செலவு, சம்பளம் பிடித்தால் அந்தத் தொகை எல்லாம் சேர்த்து இருபது, முப்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கொட்டேஷன் சரியாக ஒன்றரை லட்சம் என்றால் இன்னும் ஒரு சீட்டுத் தவணை பொறுப்பது நல்லது. இதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம். மார்பு எங்கேயும் ஓடிப்போகாது.

கணவரைப் பற்றி. சட்டப்படி உங்கள் உடலில் அறுவைக்கு உங்கள் கையெழுத்து போதும். நடைமுறையில் உங்களுக்கு ஆறு வாரம் குடம் தூக்க ஒருவர் வேண்டும், அதனால் அவரையும் ஆலோசனைக்கு அழைத்துப்போங்கள். வீண் செலவு என்பவர்கள் பலர் மயக்க மருந்தை நினைத்துப் பயப்படுகிறார்கள், அதைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் பணத்தின் மேல் போடுகிறார்கள். டாக்டரிடம் நேரில் கேட்டால் பாதி அடங்கும். அடங்காவிட்டால், அது வேறு பேச்சு. அவர் ஆசைப்பட்டால்தான் செய்துகொள்வேன் என்று நீங்கள் வந்தாலும் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இப்போதைக்கு ஸ்கேல் சோதனையும் பிரா சோதனையும் செய்யுங்கள். காது குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள். மேமோகிராம் எடுங்கள். பிறகு இம்ப்ளான்ட் இல்லாமல் குச்சிமிட்டாய்த் தழும்போ நங்கூரத் தழும்போ வரும் தூக்கல் அறுவைக்கு எவ்வளவு என்று இரண்டு பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் தாளில் வாங்குங்கள். சென்னைக்காரர்களிடமே இன்னொருமுறை போய் “இம்ப்ளான்ட் இல்லாமல் ஏன் முடியாது” என்றும் கேட்கலாம், அவர்கள் சொல்லும் காரணம் நேரில் பார்க்காத என் ஊகத்தைவிடச் சரியாகவும் இருக்கலாம். மேமோகிராம் பிலிமைத் துணி பீரோவில் பத்திரமாக வையுங்கள். அறுவை செய்துகொண்டாலும் இல்லாவிட்டாலும் அடுத்த தடவை எடுக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.